தாணு எழுதிய மிரட்டல் கார்டு

வெடிகுண்டு மிரட்டல் என்ற சொல்லைத் தாணு பத்திரிகையில்தான் படித்தான். வடக்கே எங்கோ ஒரு துரை வீட்டு விருந்தில் குண்டு வெடிக்கும் என்று எவனோ கடுதாசி போட்டானாம். துரை விருந்தையே நிறுத்திவிட்டாராம். குண்டுகூட வேண்டாம், கடுதாசி போதும். தாணுவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாமன் மகள் அழகியநாயகிக்குக் கல்யாணம், இன்னும் எட்டே நாள். மாப்பிள்ளை பூதப்பாண்டிக்காரன். முறைமாப்பிள்ளை இவன் இருக்க வேறொருவன் எப்படி வந்தான்? இவன் வாயைத் திறந்து பெண் கேட்கவில்லை, அவன் வந்தான். அவ்வளவுதான்.

அஞ்சல் கார்டு ஒன்று வாங்கி, "முகூர்த்த நேரத்தில் உமது வீட்டில் வெடிகுண்டு வெடிக்கும். ஜாக்கிரதை" என்று எழுதி, பெயர் போடாமல், மாமா விலாசத்துக்குப் பெட்டியில் போட்டான்.

மூன்றாம் நாள் தோவாளையிலிருந்து மாமா வள்ளிநாயகம் பிள்ளை ஆளனுப்பினார். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. கடுதாசி வந்தால் மருமகன்தான் வாசிக்க வேண்டும். தாணு போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பயங்கரமாக வாசித்தான்.

மாமா முகம் மலர்ந்துவிட்டது. "பகவதி கண்ணு தொறந்துட்டா மக்கா. வெடிக்காரன் தங்கப்பன் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்குப் போயிட்டான். தாலி கட்டும்போ வெடி போட ஆளில்லையேன்னு உறக்கமில்லாம கெடந்தேன். இந்த மனுசன் தானா வாறான். எத்தனை குண்டுன்னு எழுதல்லியா?"

"மாமா, இது மிரட்டலாக்கும்."

"பின்னே? வெடின்னா தெருவுல நிக்கிற மாடு மிரளாண்டாமா?"

அழகி வந்து கார்டை வாங்கிப் பார்த்தாள். கொம்பைச் சுழிக்கும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

"அத்தானுக்கு வெடி வைக்க வருது. வாயத் தொறக்க மட்டும் வரல்லியா?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

தாணுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டான். "மாமா, கார்டு எழுதினது நான்தான். அழகிய எனக்குத் தாங்க."

மாமா மகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார்.

"மூதி, இதை நிச்சயத்துக்கு முந்திச் சொல்லதுக்கென்ன? சரி, பூதப்பாண்டிக்கு நீயே போயி, அவங்க முகத்தைப் பாத்துச் சொல்லிட்டு வா. மாப்பிள்ளைக்கு அண்ணன் தம்பி ஆறு பேரு. எல்லாவனும் சிலம்பம் படிச்சவன்."

தாணு அழகி கையிலிருந்த கார்டைப் பார்த்தான். "ஒரு கார்டு போட்டாப் போதாதா மாமா?"

அழகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தாணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பூதப்பாண்டி சாலையில் இறங்கி நடந்தான்.