ஏறன் கல்லுக்கு எனாமல் பெயிண்டு

தேனிக்கு வருகிறவர்களுக்கு யாரோ ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள் போலிருக்கிறது. சுருளி அருவி, வைகை அணை, மேகமலை, நேரம் மிஞ்சினால் குமுளி. அதைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார்கள். அருவியில் குளித்து, அணையில் மீன் வறுவல் தின்று, மேகமலை மூட்டத்தைப் படம் பிடித்துவிட்டு, ஏதோ பள்ளத்தாக்கையே அளந்து முடித்த மாதிரி ஊர் திரும்புவார்கள். ஆயிரம் வருடத்துக் கல்லும் பாறையும் வழிநெடுக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். நதியாவுக்கு இதில் தீராத கோபம்.

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து ஆறு வருடம், ஏலக்காய் எடுக்கும் வேலைக்காக அண்ணனுடைய ஜீப்பின் பின்னால் பதினான்கு பெண்களோடு முழங்கால் இடிக்க மலையேறியவள் அவள். ஒருநாள் டிரைவர் வராமல் போக, அண்ணன் செல்லப்பாண்டி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கம்பம்மெட்டு வளைவுகளில் ஒரு கீறல் இல்லாமல் போய் வந்தாள். அதற்கப்புறம் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

இப்போது அந்த ஜீப்புக்கே ஆபத்து வந்திருந்தது. ஆள் ஏற்றும் தொழில் அலுத்துப்போய் செல்லப்பாண்டி வண்டியை விற்கத் தீர்மானித்துவிட்டான். வண்டன்மேட்டுக்காரர் ஒருவர் திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

"எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை குடுண்ணே" என்று நதியா கேட்டாள். "ஒருநாள் சுத்துலா நடத்திக் காட்டுறேன். பழைய எடமாக் கூட்டிட்டுப் போறேன். சரியா வரலைன்னா வண்டியக் குடுத்துரு."

"பழைய எடத்த எவன்த்தா பாக்க வருவான்? சரி, ஒரே ஒரு ஞாயிறு. அதுக்கு மேல என்கிட்ட வாயக் குடுக்கக் கூடாது."

வண்டி போனால் மறுபடி வேறு எவனுடைய ஜீப்பிலோ பின்னால் உட்கார வேண்டியதுதான். நதியா உட்கார மாட்டாள். அதில் மட்டும் அவள் தெளிவாக இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து வாய்த்தவள் எப்சிபா. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். கல்யாணமாகி லாஸ் வேகாஸ் போய் இருபத்திரண்டு வருடம். உலகத்துச் சூதாடிகள் எல்லாம் வந்து குவிகிற அந்தப் பாலைவன ஊரில் இருந்துகொண்டு, ஒரு மெஷினில் ஒரு காசு போட்டதில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். வேலையோ, சூதாட்ட ஹோட்டலில் தங்குகிற ஆட்களை வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே பழைய கோட்டை, சிவப்புப் பாறை என்று காட்டிவிட்டு வருவது. தொழில் தெரிந்தவளை ஏமாற்ற முடியாது.

போனில் அவள் சொன்னதும் கறாராகத்தான் இருந்தது. "பொங்கலுக்கு எங்க ஊரு தமிழ்ச் சனம் நாப்பது பேரு வாராக. அவுகளுக்கு ஏற்பாடு பண்ணத்தான் முன்னாடியே வந்துருக்கேன். அருவி, டீ எஸ்டேட்டெல்லாம் யாரு வேணா காட்டுவாக. யாருமே காட்டாத ஒண்ண நீ காட்டு. புடிச்சிருந்தா நாப்பது பேரும் உன்கிட்டதான்."

நதியாவிடம் அப்படி ஒன்று இருந்தது. உத்தமபாளையத்தைத் தாண்டி, ராயப்பன்பட்டிக்குத் திரும்புகிற பாதையிலிருந்து விலகி, ஒரு திராட்சைத் தோட்டத்து வேலியோரம் நிற்கிற நடுகல். இடுப்பில் குறுவாளும் கையில் ஈட்டியுமாக ஒரு வீரன். காலடியில் மாடுகள். தலைக்கு மேல் இரண்டு வரி வட்டெழுத்து. கல்லூரியில் வரலாறு நடத்துகிற முத்துலட்சுமி டீச்சர் ஒருதடவை ஜீப்பை வாடகைக்கு எடுத்து வந்தபோது வாசித்துச் சொன்னார். 'சாத்தன் மகன் ஏறன் தொறு மீட்டுப் பட்டான்.' தொறு என்றால் மாட்டு மந்தை. கொள்ளை போன மாடுகளை மீட்டுக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனவன். எந்தப் பயணப் பட்டியலிலும் அவன் பெயர் கிடையாது. அன்று அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நதியா, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தடவிவிட்டுத்தான் வருவாள்.

அந்தக் கல்லுக்கு விளக்குப் போடுகிறவள் மாயக்காள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவள். அவள் குடும்பம்தான் தலைமுறையாக ஏறனுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. புதன்கிழமை நதியா அவளைத் தேடிப்போய்ச் சொன்னாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல இருந்து ஆளுக வாராக. நம்ம சாமியப் பாக்கத்தான் வாராக. சுத்தி முள்ளக் கிள்ள வெட்டி, கூட்டி வையுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "இம்புட்டு தூரத்துல இருந்து வாராகன்னா சும்மாவா?" என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிறு காலை நன்றாகத்தான் விடிந்தது. எப்சிபா, அவள் கணவர் வினோத்ராஜ், கூட வந்த இரண்டு தம்பதிகள் என ஆறு பேர். சின்னமனூரில் டீ, உத்தமபாளையத்தில் இட்லி. அங்கேயே கருப்பணசாமி கோயில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காட்டியபோது மற்ற ஐந்து பேரும் வாயைப் பிளந்தார்கள். எப்சிபா மட்டும் பிளக்கவில்லை. "இது நல்லாருக்கு. ஆனா இது புத்தகத்துல இருக்கே" என்றாள்.

"இனிமேதான்க்கா இருக்கு" என்று நதியா கியரை மாற்றினாள்.

தோட்டத்து வேலியைத் தாண்டும்போதே வாடை அடித்தது. பூ வாடையில்லை, எண்ணெய் வாடையில்லை. புது பெயிண்டு வாடை. நதியா ஜீப்பை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் இறங்குவதற்குள் ஓடினாள்.

ஏறன் பளபளவென்று நின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் நீலம், முகத்துக்கு ரோஸ், அரிவாள் மாதிரி கறுப்பு மீசை, மாடுகளுக்கு வெள்ளை. தலைக்கு மேல் எழுத்திருந்த இடத்திலும் ஒரே நீலம். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை.

"நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சு இப்பத்தான்த்தா முடிச்சேன்" என்றாள் மாயக்காள். கையில் இன்னும் பிரஷ் இருந்தது. முகமெல்லாம் பெருமை. "விருந்தாடிக வாராகன்னா வீட்டுக்கே வெள்ளையடிக்கோம், சாமிய அழுக்கா விட்டுருவமா?"

நதியாவால் அவளைத் திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? எந்த ஊரில் இருக்கிறோம், விருந்தாளி என்று சொன்னால் இங்கே என்ன நடக்கும் என்று தெரியாமல் வாயை விட்டவள் அவள்தானே. வந்த அழுகையை அடக்கிக்கொண்டு திரும்பினாள். ஆறு பேரும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"இதானா?" என்றாள் எப்சிபா.

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நீலச் சாமி, கிராமத்து வழக்கம் என்று எதையாவது அளந்துவிட்டு நகர்ந்துவிடலாம். நதியா மழுப்பவில்லை. "இதுல ரெண்டு வரி வட்டெழுத்து இருக்குக்கா. அதக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்க வாரீகன்னு நான் பெருமையாச் சொன்னதுல, பாசத்துல பெயிண்ட அடிச்சுட்டாக. தப்பு என்னோடது."

பிறகு மாயக்காளிடம் போனாள். "அக்கா, இன்னும் காயல. எழுத்து இருக்குற எடத்த மட்டும் துணிய வச்சுத் தொடச்சுக்கிறவா?"

மாயக்காளுக்கு முகம் சுண்டிவிட்டது. "அலங்காரம் பண்ணுன சாமிய பாதியில கலைக்கிறதாவது! அதெல்லாம் நான் சொல்ல முடியாதுத்தா. சாமிதான் சொல்லணும். பூக்கட்டிப் பாத்துருவோம்."

அது அங்கே வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வைத்து, வெளியே தெரியாமல் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்கிற கை வேற்றாள் கையாக இருந்தால் நல்லது. மாயக்காள் மல்லியையும் செவ்வரளியையும் திராட்சை இலையில் மடித்து, குலுக்கி, கல்லுக்கு முன்னால் போட்டுவிட்டு எப்சிபாவைப் பார்த்தாள். "நீங்க எடுங்கத்தா."

"ஐயோ, நானா? இதெல்லாம் எங்களுக்கு ஆகாது. சூதாட்டத்துக்குன்னே ஒரு ஊரு, அங்க இருந்தே நான் எதையும் தொட்டதில்ல." எப்சிபா இரண்டடி பின்வாங்கினாள்.

வினோத்ராஜ் முன்னால் வந்தார். "நான் எடுக்கேன்" என்று குனிந்து, இரண்டு பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்து, ரொம்ப யோசித்து, இடதுபக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார். நதியா அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள். அந்த இலைக்குள்தான் அவளுடைய ஜீப்பு இருந்தது.

மாயக்காள் பிரித்தாள். செவ்வரளி.

"அங்கயும் இவுக கை ராசி இப்படித்தான்" என்றாள் எப்சிபா. மனிதர் எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அவ்வளவுதான். சாமி உத்தரவு கொடுக்கவில்லை. அதை மீறி அங்கே ஒரு துணியும் அந்தக் கல்மேல் படாது. நதியாவும் மீற மாட்டாள், அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். கூட வந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், பக்கத்தில் அருவி எதுவும் இருக்கிறதா என்று கேட்டே விட்டார்.

அருவி என்ற சொல் காதில் விழுந்ததும் நதியாவுக்கு அழுகையெல்லாம் போய் பழைய கோபம் வந்தது. ஆயிரம் வருடமாக நிற்கிறான் ஏறன். வெயிலுக்கும் மழைக்கும் அழியாதவன், ஒரு டப்பா பெயிண்டுக்கா அழிந்துவிடுவான்?

"மாயக்காக்கா" என்றாள். "தொடைக்கத்தான உத்தரவு இல்ல?"

"ஆமா."

"கை வச்சுக் கும்பிடலாம்ல?"

மாயக்காள் சற்று யோசித்தாள். "கும்பிடுறதுக்கு எதுக்குத்தா உத்தரவு? காலங்காலமாத் தொட்டுத்தான கும்புடுறோம்."

நதியா செருப்பைக் கழற்றினாள். "அக்கா, இங்கன வாங்க" என்று எப்சிபாவின் வலதுகையைப் பிடித்துக் கல்லின் தலைமாட்டில் வைத்தாள். எப்சிபா துணுக்குற்றுக் கையை இழுக்கப் பார்த்தாள். நதியா விடவில்லை. "கும்பிட வேணாம்க்கா. வாசிங்க. கண்ண மூடிக்கங்க. மெதுவா வலது பக்கமாப் போங்க. பள்ளம் தட்டுப்படுதா?"

எப்சிபா கண்ணை மூடினாள். ஈரப் பெயிண்டில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. நின்றது. மறுபடி போய் ஒரு வளைவில் இறங்கியது.

"இருக்கு" என்றாள் மெதுவாக.

"அது சா. அடுத்தது த்த. ன். சாத்தன். இன்னும் போங்க. மகன்... இப்ப வருது பாருங்க, ஆழமா வெட்டிருக்கான், ஏ. ற. ன். அதான் அவரு பேரு."

ஒரு எழுத்தும் விடாமல், இரண்டு வரியையும் அவள் விரலுக்கே படித்துக் கொடுத்தாள் நதியா. வாசித்து முடித்தபோது எப்சிபாவின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "நான் வேலை பாக்குற எடத்துல பாறையில பழைய ஆளுக கீறுன படமெல்லாம் இருக்கு" என்றாள். "தொடாதீக, தள்ளி நில்லுங்கன்னு ஒரு நாளைக்கு நூறு தடவ நான்தான் கத்துவேன். ஒருதடவகூட நான் தொட்டதில்ல."

அதற்கப்புறம் வரிசைதான். மற்ற ஐந்து பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஏறன் பேரைத் தேடிப் பிடித்தார்கள். அருவி கேட்டவர் இரண்டுதடவை வாசித்தார். மாயக்காள் கடைசியாக வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து எண்ணெய் ஊற்றுகிறாள், அந்தக் கீறல்தான் சாமியின் பேர் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நதியா அவள் விரலையும் பிடித்து எழுத்தில் வைத்தாள்.

"ஏறன்" என்று மாயக்காள் சொல்லிப் பார்த்தாள். "எங்கய்யா பேரு ஏறத்தேவன். சாமி பேருன்னு சொல்லித்தான் வச்சாகளாம்." நீலம் ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டே, "இனிமே பெயிண்டு அடிக்கணும்னா மொதல்ல பூக்கட்டிக் கேட்டுட்டுத்தான்" என்றாள்.

ராயப்பன்பட்டி சர்ச்சுக்கு முன்னால் கட்டுச்சோறு, சண்முகா நதி அணையில் சாயங்கால வெயில். திரும்பும் வழியில் எப்சிபா முன்சீட்டில் நீல விரல்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய் வாங்கித் தருகிறேன் என்று நதியா சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "பொங்கலுக்குள்ள பெயிண்டு காஞ்சு போயிருமே, அப்ப என்ன பண்ணுவ?"

"காஞ்சாலும் பள்ளம் பள்ளம்தானக்கா" என்றாள் நதியா.

அவர்களைத் தேனியில் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியபோது செல்லப்பாண்டி துணியும் வாளியுமாகக் காத்திருந்தான். மறுநாள் ஆள் வருகிறது, வண்டியைக் கழுவி வைக்க வேண்டும். கதவைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டான். கைப்பிடி, கம்பி, சீட்டு, பின்கதவு என்று எங்கு பார்த்தாலும் நீல விரல் தடம்.

"ஏ புள்ள, என்னா கூத்து இது! வண்டன்மேட்டுக்காரரு காலையில வந்து நிப்பாரு, இத எதுல தேச்சு எடுப்பேன்?"

நதியா அவன் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்தாள்.

"தேய்க்க வேணாம்ணே. அவருக்கு ஒரு போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. பொங்கலுக்கு நாப்பது பேரு. இன்னும் நாலு ஜீப்புக்குச் சொல்லி வைக்கணும்."

சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.