ஐந்து இரண்டு

இயக்குநர் சோமசேகரம் பேனையின் மூடியைக் கழற்றித் தயாளினியின் பக்கம் நீட்டியபடியே இருந்தார். கை உளைந்திருக்க வேண்டும், ஆனாலும் இறக்கவில்லை.

"ஒரு ஒப்பம்தானே பிள்ளை. நீர் நிரூபிச்சதைத்தான் எழுதியிருக்கு."

"இல்லை சேர். நான் நிரூபிச்சது ஒண்டு. இதிலை எழுதியிருக்கிறது வேறை ஒண்டு."

உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்த மாடியில்தான் அந்தச் சிறிய மென்பொருள் நிறுவனம் இருந்தது. திருகோணமலை மீனவர் சமாசத்துக்காக அவர்கள் செய்த நிரலின் வேலை இதுதான்: கடலில் ஒரு படகு காணாமல் போனால், தேடப் போகும் படகுகளில் எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது சொல்லும். போன வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாரும் பதறியடித்துக்கொண்டு ஒரே பக்கமாக ஓடித் தேடினார்கள், படகோ மற்றப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. அதனால் சமாசம் ஒரு முடிவு எடுத்திருந்தது. இனிமேல் நிரல் பதில் சொல்லும் வரை ஒரு படகும் கரையை விட்டுப் போகக்கூடாது. தயாளினி பயந்தது அந்த முடிவுக்குத்தான். அவளுடைய அண்ணன் இன்னும் சாம்பல்தீவிலிருந்து கடலுக்குப் போகிறவன்.

தேடுவதற்கான விதிகளை மீனவர்களே சொல்லலாம். அந்த விதிகளை எழுதும் மொழியை உருவாக்கியவள் தயாளினி. பல்கலைக்கழகத்தில் அவள் மாய்ந்து மாய்ந்து படித்தது நிரல்களின் கணிதமான லாம்டா நுண்கணிதம். அங்கே எண், கட்டளை, விதி எல்லாம் ஒரே சாதி. ஒரு விதிக்கு இன்னொரு விதியையே தீனியாகப் போடலாம். அப்படிப் போட்டால் சில விதிகள் முடிவே இல்லாமல் தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு விதிக்கும் இன்ன வகை என்று கட்டுப்பாடு வைத்தாள். தர்க்கத்தில் ஒரு கூற்றை நிரூபிப்பதும் வகைக்குள் அடங்கிய ஒரு நிரலை எழுதுவதும் ஒரே காரியம் என்பது தெரிந்தவள் அவள். அந்தப் பிடியை வைத்துக்கொண்டு, தன் மொழியில் எழுதும் எந்த விதியும் ஒருநாள் முடிந்தே தீரும் என்று நிரூபித்தாள். அதில் ஓட்டை ஒடிசல் இல்லை.

ஆனால் 'முடிந்தே தீரும்' என்பதற்குப் பக்கத்தில் 'உரிய நேரத்தில்' என்ற இரண்டு சொற்களைச் சோமசேகரம் சமாசத்துக்குக் கொடுக்கும் சான்றிதழில் சேர்த்திருந்தார்.

"சேர், மூண்டு படகு ஒரே நாளிலை காணாமல் போனதா வைச்சுச் சோதிச்சுப் பாத்தனான். காலமை கேட்ட கேள்விக்கு மத்தியானமாகியும் பதில் வரேல்லை."

"வேகமான மெஷின் ஒண்டு வாங்குவம்."

"எந்த மெஷின் வாங்கினாலும் காணாது சேர். ஒரு விதி மற்ற விதியைப் படியெடுக்கிறதுக்கு ஒரு கட்டுப்பாடு வைக்கோணும். அப்பிடி வைச்சால், அந்தத் தர்க்கமே நேரத்துக்கும் பொறுப்பு நிக்கும். நான் எழுதித் தந்தனான். நீங்கள் வேண்டாமெண்டிட்டீங்கள்."

"அதிலை அவங்கள் கேட்ட விதியிலை அரைவாசி எழுதேலாது."

"எழுதேலாததை எழுதாமல் விடுறதுதான் நல்லது."

சோமசேகரம் முட்டாள் அல்ல. முட்டாளாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது. அவள் சொன்னது அவருக்கு முழுக்க விளங்கியது. விளங்கியதைப் பூசி மெழுகத்தான் அந்தப் பேனை.

"நீர் சொல்லுற மாதிரிக் கேள்வியை எந்த மீனவன் கேக்கப் போறான்? பின்னேரம் சமாச மண்டபத்துக்கு வாரும். அங்கை வைச்சு ஒப்பம் வைக்கிறீர். இல்லாட்டி வேறை வேலை பாரும்."

அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சோமசேகரத்துக்கு அதுவும் தெரியும்.

பின்னேரம், வாசலில் மாடுகளைப் போலப் படுத்திருந்த ஊர் மான்களை விலக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். முன்மேசையில் நிறுவனத்தின் கணினி, பின்னால் பெரிய திரை. சமாசத் தலைவர் கலீலுர் றஹ்மான் முதல் கதிரையில் இருந்தார். சோமசேகரம் நிரலைப் புகழ்ந்து தள்ளினார். எப்போதும் பதில் சொல்லும் என்றார், கணிதத்தால் நிரூபித்தது என்றார். பிறகு ஒப்பத்துக்காக அவளை அழைத்தார்.

தயாளினி பேனையைத் தொடவில்லை. நேரே கணினிக்கு முன்னால் போய் இருந்தாள்.

"ஒரு சின்ன விதி சொல்லுங்கோ. உங்கடை வாயாலையே சொல்லுங்கோ" என்று சபையைப் பார்த்துக் கேட்டாள்.

கிண்ணியாவில் சொந்தப் படகு வைத்திருக்கும் உம்மு குல்சும் எழும்பினாள். போன வாடையில் காணாமல் போய்க் கடைசியில் கிடைத்தது அவளுடைய கணவனின் படகுதான்.

"எதைச் செஞ்சாலும் ரெண்டு தரம் செய்யோணும். ரேடியோவுல கூப்பிட்டா ரெண்டு தரம். ஒரு எடத்தப் பாத்தா ரெண்டு தரம். ஒருக்காப் பாத்துட்டு இல்ல என்டு வந்துட்டாங்க அன்டைக்கு."

அந்தச் சொல்லில் இருந்த நியாயம் தயாளினியைச் சுட்டது. இப்படி ஒரு மனுசியை ஏமாற்றுவதற்கா இவ்வளவும் படித்தோம் என்று இருந்தது. விதியை எழுதினாள்: கொடுத்ததை இரண்டு தரம் செய். திரையில் அது ஒரு வரியைக்கூட நிரப்பவில்லை.

"இந்த விதியையும் ரெண்டு தரம் செய்யட்டோ அக்கா?"

"ஓம், அதையுந்தான்."

அந்த 'இரண்டு' விதிக்கு அதையே தீனியாகக் கொடுத்தாள். 'படகைக் கூப்பிடு' என்ற கட்டளையை நிரல் நாலு தரம் நிறைவேற்றியது. சபை தலையாட்டியது.

"சமாசமும் அதே விதியை வைச்சால்?" மூன்றாவது இரண்டு. பதினாறு தரம்.

"துறைமுகத்திலையும்?" நான்காவது. எண்ணிக்கை திரையில் கடகடவென்று ஓடி, அறுபத்தையாயிரத்தைத் தாண்டி நின்றது. யாரோ சிரித்தார்கள்.

கலீலுர் றஹ்மான் விரல் மடித்துப் பார்த்தார். "என்ன கணக்கு இது? ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு என்டுதானே வரோணும்?"

"வேலையை ரெட்டிச்சால் அப்பிடி வரும் தலைவர். இது ரெட்டிக்கிறதையே ரெட்டிக்குது. ஒவ்வொரு விதியும் மற்ற விதியைப் படியெடுத்துக்கொண்டே போகும்."

"தயாளினி, காணும், விடும்" என்றார் சோமசேகரம். நெற்றி வியர்த்திருந்தது.

"இன்னும் ஒண்டே ஒண்டு சேர். அமைச்சிலையும் ரெண்டு தரம் பாக்கச் சொல்லுவினம்தானே?"

ஐந்தாவது இரண்டைத் தட்டினாள். எண்ணிக்கை ஓடத் தொடங்கியது. அது போய்ச் சேர வேண்டிய எண்ணை எழுதினாலே பத்தொன்பதாயிரத்துக்கு மேல் இலக்கங்கள் வரும் என்று சபைக்குச் சொன்னாள். உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்து சூரியன் அணையும் வரை ஓடினாலும் அதன் ஓரத்தைக்கூடத் தொடமாட்டா.

மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். குடித்து முடித்தார்கள். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"அப்ப இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டாள் உம்மு குல்சும்.

"நிக்கும் அக்கா. கட்டாயம் நிக்கும். நான்தான் நிரூபிச்சனான்."

"அது நிக்கிற வரைக்கும் நாங்க கரையில இருக்கிறதா?"

 சோமசேகரம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நிப்பாட்டும்."

"ஏன் சேர்? எப்பவும் பதில் சொல்லுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இருந்து பாருங்கோ."

அவர் இருக்கவில்லை. மேசையைச் சுற்றி ஓடிப்போய்ச் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார். திரை இருண்டது.

"சேர்" என்றார் கலீலுர் றஹ்மான், மிகவும் மரியாதையாக. "எங்கட ஆக்கள் கடலுல கிடக்கக்குள்ள நாங்க எந்த வயரப் பிடுங்குறது?"

சபை கொதித்து எழும்பியது. தேடப் போகும் படகுகளை மறித்துவைக்கும் அந்த முடிவு அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. பிடுங்கிய வயர் இன்னும் கையில் இருக்க, சோமசேகரம் தயாளினியின் பக்கம் திரும்பினார். தேன் தடவிய குரல் போன இடம் தெரியவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வராதையும்."

 வீட்டு நினைப்பு வந்து போனது. 

"சரி சேர். ஆனா ஒப்பம் கேட்டனீங்களெல்லோ? அதை வைச்சிட்டே போறன்."

மேசையில் கிடந்த சான்றிதழை இழுத்தாள். 'உரிய நேரத்தில்' என்ற சொற்களைக் காகிதம் கிழியும்படி பேனையால் அழுத்திக் கோடிட்டு வெட்டினாள். அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டாள்.

"நான் நிரூபிச்சது இவ்வளவுதான்" என்று நீட்டினாள்.

சோமசேகரம் வாங்கவில்லை. உம்மு குல்சும் வந்து வாங்கிக்கொண்டாள்.