ரயில் நிலையத்துக்குள் ஒரு பாம்பு

கிள்ளானில் பல் மருத்துவராக இருக்கும் கௌசலா, விளையாட்டுக் கட்டைகளை மட்டுமே வைத்துப் பழைய ரயில் நிலையம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தாள். மறுநாள் ஷா ஆலமில் கட்டை ரசிகர்களின் கண்காட்சி. உள்ளே ஒரு விளக்கு எரியவில்லையே என்று நிலையத்தின் வாசல் வழியாகக் கையை விட்டவள் அப்படியே உறைந்துபோனாள். குளிர்ச்சியாக ஏதோ அவள் மணிக்கட்டின் மேல் ஊர்ந்தது.

"இங்க வாங்களேன்... உள்ளே பாம்பு." அசையாமலே கூப்பிட்டாள்.

கணவன் ரஞ்சன் ஓடிவந்து, ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"நாகம்லா, குட்டி. கையை அசைக்காதே!"

தீயணைப்புப் படையான பொம்பாவுக்குப் போன் செய்தான். வந்துகொண்டிருக்கிறோம் என்றார்கள். அதற்குள் அவள் கை மரத்துப்போகத் தொடங்கியது.

"பின்சுவரைக் கழட்டுங்க," என்று கெஞ்சினாள்.

அவன் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒவ்வொரு 'டிக்' சத்தத்துக்கும் அவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. சுவர் திறந்ததும் அந்த இடத்தில் மூடியுள்ள காலி வாளி ஒன்றைச் சாய்த்து வைத்து, ஜன்னல் பக்கமிருந்து வெளிச்சம் அடித்தான். பாம்பு அவள் விரல்களை உரசிக்கொண்டே இருட்டான வாளிக்குள் நுழைந்தது. அவன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பொம்பா வீரர்கள் வந்து அதை வாளியோடு கொண்டுபோனார்கள். கௌசலா பின்சுவரை மறுபடி கட்டி முடித்தாள்.

மறுநாள் கண்காட்சியில் ஒரு சின்னப் பெண் ஆசையாக நிலைய வாசலில் விரலை நுழைத்தாள். "தொடாதே!" என்று கௌசலா போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது.