கூடவே விழிக்கிறவன்

அரிமளத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வனிதா, வீரய்யாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க தாயி. இந்தக் கம்ப்யூட்டரு மருமக கொண்டாந்த சீரு. ஒரு வருசம்கூட ஆகல. பட்டனை அமுக்கிட்டு நான் கடைக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்துர்றேன், இன்னும் சுத்திக்கிட்டே கெடக்கு. சிங்கப்பூருல இருக்க மகன் மொகத்தப் பாத்துப் பேச முடியல."

"மொதல்லேருந்தே இப்படியாங்கய்யா?"

"போகப் போகத்தான் மோசம்."

அவர் வாசலுக்குப் போனார். மருமகள் சுடர்விழி மட்டும் பக்கத்தில் நின்றாள். முதல் ஆடி. தாய்வீட்டுக்கு அழைத்துப்போக நாளைக்கு அவளுடைய அண்ணன் வருகிறான்.

வேலை பார்க்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் வனிதா வாய்விட்டுச் சொல்வாள். அப்போதுதான் ஆட்களுக்கு நம்பிக்கை வரும்.

"டிஸ்க் நல்லாருக்கு. ஆன் பண்ணதும் கூடவே ஒரு புரோகிராம் எந்திரிக்குதே, இது என்ன? நேத்துப் பதிஞ்சதையெல்லாம் இன்னிக்கு வெளிய அனுப்புது. சேரச் சேர லேட்டாகுது."

ஃபோல்டரைத் திறந்தாள். இதே திரையின் படங்கள், ஆயிரக்கணக்கில்.

"மெயிலு... 'ஆடிக்குப் போனா திரும்பி வரமாட்டேன். அவர் அடிச்சதுல இடது காது இன்னும் கேக்கல...'"

வனிதா திரும்பிப் பார்த்தாள். சுடர்விழி திரைக்குக் கிட்டே வந்தாள்.

"நான் எழுதுனதுங்க்கா. சிங்கப்பூர் போறதுக்கு முன்னாடி அவருதான் இதுல ஒக்காந்து ஏதோ பண்ணாரு. எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருச்சா?"

வனிதா மறுபடி பார்த்தாள். "இல்லம்மா! இந்த மெயிலு படம் இன்னும் போகல. பின்னாடி வரிசையில நிக்குது. லேட்டானதே நல்லதாப் போச்சு."

அழித்தாள்.

அப்போதுதான் வனிதா கேமராவைக் கவனித்தாள். பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

படம்தான் தாமதமாகப் போகும். குரல் அப்படியில்லை; அவள் வாய்விட்டு வாசித்தது அப்போதே சிங்கப்பூரில் கேட்டிருக்கும்.

வாசலில் வீரய்யாவின் போன் அடித்தது.

"சொல்லுப்பா... ஆமா, ரிப்பேருக்கு வந்த பொண்ணு... என்னது?" குரல் தணிந்தது. "சரி. நான் பாத்துக்கிறேன்."

உள்ளே வந்தார். மருமகளிடம் கையை நீட்டினார். "ஒன் போனைக் குடு."

"சுடர்விழி, என்கூட வா!" வனிதா எழுந்தாள்.

வீரய்யா நடுவில் நின்றார். "நீங்க கெளம்புங்க தாயி. இது குடும்ப விசயம்."

தோளைப் பிடித்துத் தள்ளிய வேகத்தில் வனிதா வாசலுக்கு வந்திருந்தாள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே அவர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார், சிரித்த குரலில்:

"தம்பி, நாளைக்கு வர வேணாம்ப்பா. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல."