வலப்பக்கத் தும்பிக்கை

மெருகுச் சக்கரம் சுற்றத் தொடங்கிவிட்டால் இஷ்தியாக் பேசமாட்டார். வாயைச் சுற்றித் துணி, விரல்களில் கந்தல் சுற்று. பித்தளைப் பிள்ளையாரின் வயிறும் முதுகும் சீக்கிரம் மினுங்கிவிடும். தும்பிக்கை வளைந்து வயிற்றைத் தொடும் இடுக்குதான் பாடாய்ப் படுத்தும். சிலையைச் சாய்த்துச் சாய்த்துச் சக்கரத்தின் விளிம்பில் கொடுக்க வேண்டும். பித்தளை கையைச் சுடும். கறுப்புத் தூசி புருவத்தில் அடையாக உட்காரும்.

மோட்டாரை நிறுத்தியதும் இருமல் வந்தது. துப்பிவிட்டு, மடியிலிருந்த வெல்லத்துண்டை வாயில் போட்டுக்கொண்டார். வெல்லம் தூசியை இறக்கிவிடும் என்பது அலிகரில் பட்டறைக்குப் பட்டறை இருக்கும் நம்பிக்கை.

"இதுதான் கடைசி சரக்கா பாய்?" என்றான் எதிரே அச்சுக்கு மண் இடித்துக்கொண்டிருந்த ஓம்வீர்.

"கடைசி. இனிமே என்னப் பாக்கணும்னா ஸ்டேஷனுக்கு வா. ரிக்ஷாவுல ஏத்திக்கிறேன். காசு குடுத்தா."

"தூசி இல்லாத மூஞ்சியோட போனா அண்ணி வீட்டுக்குள்ள விடுவாங்களா? யாரோன்னு கதவச் சாத்திடப் போறாங்க."

இஷ்தியாக் சிரித்தார். சிரிப்பு மறுபடி இருமலானது. தூசியை விட்டு வெளியே வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மச்சான் தன் பழைய பேட்டரி ரிக்ஷாவைத் தரச் சம்மதித்திருந்தார். தசராவுக்குள் முன்பணம் வேண்டும் என்பதுதான் பேச்சு. இந்தச் சரக்கின் கூலி அதற்குப் போதும்.

அப்போதுதான் கணக்குப்பிள்ளை பிரிஜ்மோகன் வந்தார். கையில் ஒரு பரிசுப்பெட்டி. அதிலிருந்த பிள்ளையாரை எடுத்து மரப்பலகைமேல் வைத்தார்.

"தும்பிக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?"

ஓம்வீர் பார்த்தான். "வலப்பக்கம்."

"தீபாவளிப் பரிசுக்கு ஆர்டர் குடுத்த டில்லி கம்பெனிக்காரன் மொத்தத்தையும் வேணாங்கிறான். வலம்புரிய வீட்டுல வச்சா ஆசாரம் கெடக்கூடாதாம், யாருக்கும் பரிசா குடுக்க முடியாதாம். பாய்க்குத் தெரியலன்னா சரி. உனக்குமாடா தெரியல?"

"எனக்குத் தெரியும்ஜி. ரெண்டு பக்கமும் தேச்சுத்தான் கை இப்படி ஆச்சு," என்றார் இஷ்தியாக். "எது வேணும்னு சொல்றது உங்க வேலை."

"சின்ன முதலாளி அனுப்புன போட்டோவப் பாத்துத்தான் செஞ்சேன்," என்று ஓம்வீர் செல்போனை எடுத்து நீட்டினான். மாதிரிக்கான சிலையைச் சின்ன முதலாளி ஏந்திக்கொண்டு, தன்னைத்தானே எடுத்த படம். தும்பிக்கை வலப்பக்கம். "அவர் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. வலப்பக்கம் பை வச்ச சட்டைய ஊருல எவன் தைக்கிறான்? கண்ணாடியில பாக்குற மாதிரி படமே புரண்டு வந்திருக்கு."

பிரிஜ்மோகன் படத்தைப் பார்த்தார். குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு யாருதுன்னு பேச எனக்கு நேரமில்ல. எல்லாத்தையும் உருக்கப் போறோம்."

"கூலி?"

"உருக்குற சரக்குக்கு யாராவது கூலி குடுப்பாங்களா பாய்?"

"உருக்குனா பித்தளை திரும்பி வந்துடும்ஜி. என் மூச்சு வருமா?"

சாயங்காலம் சிலைகள் சாக்கில் போயின. ஓம்வீருக்கும் கூலி இல்லை. அவன் அன்று முழுக்க மண்ணை இடித்த இடியில் பலகை ஆடியது.

மச்சான் காத்திருந்துவிட்டு ரிக்ஷாவை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?" என்று அவர் கேட்டபோது இஷ்தியாக்கால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம், கூலியை இன்னொருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்று முதலாளியின் கடைக்குப் போனார். கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட்டின்மேல், விளக்கொளியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் வலப்பக்கத் தும்பிக்கைக்காரர்கள். தரையில் இன்னும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது.

"அபூர்வம்மா," என்று விற்பனைப் பையன் ஒரு பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "சாதாரணமா எல்லாம் இடப்பக்கம்தான். இதுக்குச் சக்தி ஜாஸ்தி. விலையும் அதான் ஜாஸ்தி."

உள்ளேயிருந்து பிரிஜ்மோகன் அவரைப் பார்த்துவிட்டார்.

"வாங்க பாய், நல்ல நேரத்துல வந்தீங்க! ஆளனுப்பலாம்னு இருந்தேன்."

"உருக்கல போல," என்றார் இஷ்தியாக், அலமாரியைக் காட்டி.

"பகவான் காப்பாத்திட்டாரு."

"அப்போ என் கூலி?"

"அது தள்ளுபடின்னு எழுதி முடிச்ச கணக்கு பாய், அதக் கிளறாதீங்க. இதே மாதிரி இன்னொரு சரக்கு வேணும், அவசரம். ஓம்வீர்கிட்ட சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவையாவது ஜாக்கிரதை. தப்பித்தவறி இடப்பக்கம் வந்துச்சுன்னா பைசா கிடையாது."

மறுநாள் காலையில் ஓம்வீர் முதல் வார்ப்பை நீட்டினான். இஷ்தியாக் வாயைச் சுற்றித் துணியைக் கட்டினார். கட்டிய பிறகுதான் வெல்லம் போடாதது நினைவுக்கு வந்தது. துணியை அவிழ்க்காமலே மோட்டாரைத் தட்டிவிட்டு, வலப்பக்கத்து இடுக்கைச் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்தார். முதல் தூசி எழுந்து முகத்தில் படிந்தது.