உருளும் நாற்காலியில் மண்டியிடுவது

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். ஒரு பத்திரிகை கேட்டது: மைதானத்தில் பொங்கும் உணர்ச்சி, திரையில் ஆடும் மின்விளையாட்டிலும் பொங்குகிறதா? நான் ஒரு வாக்கியம் எழுதினேன்.

தோல்வி எங்கும் தோல்விதான்.

படித்துப் பார்த்தேன். வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அதே வாரம் அக்கா சிரித்தாள். கட்டுரை கதையாகிவிட்டது.

2

மூன்று பேர்தான்.

அக்கா. மின்வாரியத்தில் வேலை. அலுவலகக் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர்.

மாமா, அவள் கணவர். பல் மருத்துவர். மாலையில் கிளினிக்கைப் பூட்டியதும் திரையில் கால்பந்து ஆடுவார். பொழுதுபோக்குக்கு அல்ல. லீக்கில், தரவரிசையோடு. அங்கே அவர் பெயர் கடைவாய்ப்பல்.

நான். எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவள்.

(மூன்றாவது ஆளை நீக்கிப் பார்த்தேன். மற்ற இருவரும் பேசவே முடியாமல் போய்விட்டது. காரணம் நான்காம் பகுதியில்.)

3

முதல் தொடக்கம்: அரையிறுதியின் கடைசி நொடியில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு

அரங்கம் அப்படியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தொடக்கம்: அவர் கண்களில்

கைவிட்டேன். இப்படித் தொடங்கும் வாக்கியத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

நடந்தது இதுதான். லீக் அரையிறுதியை ஓர் அரங்க மேடையில் நடத்தினார்கள். மாமா கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றார். மைதானத்தில் தோற்றவனுக்குச் சில வசதிகள் உண்டு. புல்லில் விழலாம். பனியனைத் தூக்கி முகத்தை மூடலாம். கம்பத்தை உதைக்கலாம். மாமாவுக்கு ஒரு மேசையும் ஒரு நாற்காலியும்தான். இருந்தாலும் மண்டியிடப் பார்த்தார். அது சக்கரம் வைத்த நாற்காலி. அவர் முன்னால் சரிய, அது பின்னால் பறந்தது. ஹெட்போன் வயர், கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டியை இழுப்பதுபோல அவரை மேசைக்கே திருப்பி இழுத்தது. ஹெட்போன் கழன்றது.

மாட்டியிருக்கும்வரை அதில் வெளிச்சத்தம் கேட்காது. கழன்றதும் அவர் காதில் விழுந்த முதல் சத்தம், முன்வரிசையில் அக்கா சிரித்தது.

அவர் அழுதுகொண்டிருந்தார். அவள் பார்த்தாள். பார்த்தும் நிறுத்த முடியவில்லை.

4

அன்றிலிருந்து பேச்சு இல்லை. என் வழியாகப் பேசினார்கள். மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க அக்காகிட்ட சொல்லு. அவ தோத்தப்போ நான் சிரிச்சேனா?"

"உங்க மாமாகிட்ட சொல்லு. நான் தோத்தா சேறு இருக்கும், சுளுக்கு இருக்கும். இவருக்கு என்ன இருந்துச்சு? ஏசி இருந்துச்சு."

"மூணு வருஷம்னு சொல்லு."

"என்ன மூணு வருஷம்னு கேளு."

"அந்த அரையிறுதிக்கு வர்றதுக்கு."

அக்கா தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"தண்ணி வேணுமான்னு கேளு," என்றாள்.

(கட்டுரையாக இருந்தால் இங்கே இதயத்துடிப்பைப் பற்றி ஒரு பத்தி வரும். எனக்குத் தெரிந்த விவரம் ஒன்றுதான். மாமாவிடம் பல் பிடுங்க வருகிறவர்களுக்கு அது எகிறும். அது எந்த விளையாட்டில் சேர்த்தி என்று தெரியவில்லை.)

5

இங்கே எனக்கு அக்கா மேல் சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரமாக. இவ்வளவு கல்நெஞ்சை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள். குளியலறையில் கோல்கீப்பர் கையுறையைத் துவைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"மன்னிப்பு கேட்டுடேன்."

"கேக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"சிரிப்பு வந்துடும்டி. அந்த நாற்காலி போன வேகம்..."

வந்துவிட்டது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சிரித்தாள்.

"எனக்கே கேவலமாத்தான் இருக்கு. ஆனா நெனைக்காம இருக்க முடியல."

வெளியே மாமா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பாத்திரத்தை மாற்றவில்லை.

6

இந்தப் பகுதியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நீக்கிவிட்டேன். அக்கா படித்துவிட்டு, "யாருடி இவங்க?" என்று கேட்டாள்.

7

மாமாதான் வழி சொன்னார். என்னிடம், அக்கா பக்கத்தில் இருக்கும்போதே.

"பெனால்டி. திரையில. நான் அடிக்கிறேன், அவ பிடிக்கட்டும். அஞ்சு அடி. அஞ்சும் உள்ள போனா அவ மன்னிப்பு கேக்கணும். ஒண்ணே ஒண்ணைத் தடுத்துட்டாக்கூட, நான் அழுதது தப்புன்னு ஒத்துக்கறேன்."

"எனக்குக் காது கேக்கும்," என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். கையுறையோடு கன்ட்ரோலரைப் பிடிக்க வரவில்லை. கழற்றினாள்.

முதல் பந்து உள்ளே போனது. சிரித்தாள். இரண்டாவதும் போனது. சிரிக்கவில்லை. மூன்றாவதற்குள் சோபா நுனிக்கு வந்துவிட்டாள். நான்காவதும் போனதும் திரையிலிருந்த கோல்கீப்பரைத் திட்டினாள். என்ன திட்டினாள் என்பதைப் பத்திரிகை அச்சிடாது.

"அக்கா, வெறும் திரைதானே?"

"வாயை மூடு."

"இதுவும் போனா மன்னிப்பு. ஞாபகம் இருக்கா?" மாமா நேராக அவளைத்தான் கேட்டார். அவருக்கே அது தெரிந்த மாதிரி இல்லை.

"ஆயிரம் மன்னிப்பு வேணாலும் கேக்கறேன். கோல் விடமாட்டேன். அடிங்க."

மாமா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பல் பிடுங்குகிற கை அது. வியர்த்து நான் பார்த்ததில்லை.

அடித்தார்.

அக்கா பொத்தானை அழுத்தவில்லை. பாய்ந்தாள். சோபாவிலிருந்து, இடது பக்கமாக, இரண்டு கைகளையும் நீட்டி, முழு உடம்போடு. திரை என்றால் என்னவென்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டிவிக்குக் கீழே இருந்த விளையாட்டுப் பெட்டியின் வயரைப் பிடுங்கிக்கொண்டு தரையில் விழுந்தாள். பந்து பாதி வழியில் இருக்கும்போது திரை கறுத்தது.

"பிடிச்சிட்டேன்!" தரையிலிருந்து குரல்.

"எதைப் பிடிச்சே? கோல் அது!"

"இடது பக்கம்தானே அடிச்சீங்க? நான் எங்க இருக்கேன் பாருங்க!"

"நீ தரையில இருக்கே! உன் ஆளு நடுவுல மரம் மாதிரி நின்னான்!"

"கரண்ட் போனப்போ பந்து கோட்டைத் தாண்டல!"

"தாண்டிடுச்சு!"

அவள் முழங்கை சிராய்த்திருந்தது. மாமா பஞ்சை எடுத்து வந்து துடைத்தபடியே கத்தினார். அவள் கையை நீட்டியபடியே கத்தினாள். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீதானே பாத்தே. சொல்லு. கோலா இல்லையா?"

8

நான் பந்தைப் பார்க்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி. இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

கோல். அக்கா மன்னிப்பு கேட்கத் தொடங்குகிறாள். பாதியில் சிரித்துவிடுகிறாள். எல்லாம் முதலிலிருந்து.

கோல் இல்லை. அழுதது தப்பு என்று மாமா ஒத்துக்கொள்கிறார். அழுதுகொண்டே.

மறுபடி ஆடுகிறார்கள். விளையாட்டுப் பெட்டி வயர் பிய்ந்து கிடக்கிறது, இனி ஓடாது, எனவே இந்த முடிவும்

பத்திரிகைக்கு இன்று அனுப்பியாக வேண்டும். அடுத்த அறையில் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நேருக்கு நேர், நான் இல்லாமலே. "அப்போ அந்த அரையிறுதி கோலை நீங்க எப்படி விட்டீங்க?" என்கிறாள் அக்கா. மாமா முதல் நிமிடத்திலிருந்து விளக்கத் தொடங்குகிறார். அவள் குறுக்கே கேள்வி கேட்கிறாள்.

கோலா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் மெதுவாக. அவர்கள் காதில் விழுந்தால் சண்டை முடிந்துவிடும்.