வழியில் நிற்காத வண்டி

காரின் நான்கு கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றி இறக்க ஒரே ஒரு கைப்பிடிதான் இருந்தது. வேண்டிய கதவில் அதை மாட்டிச் சுற்றிவிட்டு, கழற்றி அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும்.

"மிச்சம் மூணு எங்க சார்?" என்று கேட்டாள் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி.

"விழுந்துடுச்சும்மா" என்றார் காரை விற்கிற பல் டாக்டர். "வயசாச்சுல்ல. ஒண்ணொண்ணா விழுந்துடுச்சு." அவர் தொழிலில் இதெல்லாம் குறையே இல்லை போலிருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் பத்திரமா வச்சுக்குவோம்" என்று கடைக்காரர் முந்திக்கொண்டு சொன்னார். மனைவி அவரைப் பார்த்த பார்வைக்கு அந்தக் காரின் பெயிண்டே உரிந்திருக்கும். ஏற்கெனவே உரிந்திருந்ததால் தப்பித்தது.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உட்கார வைத்து, சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இப்பத் தெரியுதா? இப்போ?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணிக் கொடுக்கிற மனிதர், இந்தக் காரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். விளம்பரத்தில் அதன் படத்தைப் பார்த்தார். வான நீலம், உருண்டை விளக்கு, பல் தெரியச் சிரிக்கிற மாதிரி முன்பக்கம். அவ்வளவுதான், விழுந்துவிட்டார். அதற்கு முன் அவர் வாழ்க்கையில் அவசியமில்லாத பொருள் என்று எதையும் வாங்கியதே கிடையாது. குடை வாங்கினால்கூட மழை பெய்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். காரை எடுக்க வெளியூருக்குக் கிளம்பும்போதே அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வீடு வந்து சேர்றதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வழியில நின்னுச்சுன்னாலும், அடுத்த வாரமே வித்துடணும். அப்புறம் கார்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

"நிக்காது" என்று அவர் கையடித்துக் கொடுத்தார். சாட்சிக்கு மச்சினன் இருந்தான். புதுக் கார்கள் விற்கிற ஷோரூமில் வேலை பார்ப்பவன். பழைய கார் வாங்குகிறவர்களைக் கண்டால், சாப்பாட்டுக் கடைக்காரன் உபவாசம் இருப்பவனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பான்.

பல் டாக்டர் கிளம்புகிற நேரத்தில் பானெட்டைத் திறந்து ஏதேதோ காட்டினார். "வெயில்ல ரொம்ப நேரம் ஓடினா இந்த பம்ப் சூடாகிடும். பெட்ரோல் உள்ளயே ஆவியாயிடும், எஞ்சினுக்குப் போகாது. அப்போ..." என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு வேறு உலகத்தில் இருந்தார். "சரி சார், சரி சார்" என்றார். மனைவிதான் கைப்பையை இடுக்கிக்கொண்டு, டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிக் கேட்டுக்கொள்கிற முகத்தோடு பக்கத்தில் நின்றாள்.

கிளம்பியபோது முன் சீட்டில், இருவருக்கும் நடுவே, ஒரு சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. காரின் நிறத்துக்குப் பொருத்தமாக அவர் தேடிப் பிடித்து வாங்கிய வான நீலச் சட்டை. தெருமுனையில் நிறுத்தி, அதை மாட்டிக்கொண்டு, வீட்டு வாசலில் ராஜா மாதிரி போய் இறங்குவதாகத் திட்டம்.

"அந்த டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாம் விழுந்துச்சு."

"என்ன சொன்னார்?"

"நல்ல வண்டின்னு சொன்னார்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கலாம் என்று பார்த்தால் கைப்பிடி அவர் பக்கத்துக் கதவில் இருந்தது. "அதைக் கொடுங்க." கொடுத்தார். இறக்கினாள். கொஞ்ச தூரத்தில் லாரி ஒன்று முன்னால் போய்ப் புழுதியை வாரி இறைத்தது. "அதைக் கொடு." கொடுத்தாள். ஏற்றினார். அதற்குள் அவள் தலையெல்லாம் மண். "அதைக் கொடுங்க!" அந்த நெடுஞ்சாலையில் அன்றைக்கு இவர்கள் கைப்பிடியைக் கை மாற்றிக்கொண்ட மாதிரி, ஓட்டப் பந்தயக்காரர்கள்கூட மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதல் இடது திருப்பத்தில்தான் இன்னொன்று தெரியவந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹார்ன் தானாக அடித்தது. சும்மா ஒரு 'பீப்' இல்லை. கப்பல் கிளம்புகிற மாதிரி. சைக்கிளில் போன ஒரு பெரியவர் பயந்துபோய் ஓரத்துக் குழியில் இறங்கி, நின்று, நிதானமாகத் திட்டினார்.

"ஸாரி சார்! அதுவா அடிக்குது!" என்று கத்தினார் கடைக்காரர்.

"அதுவா அடிக்குதாம்ல! அப்போ ஓட்டுறதும் அதுதானா?"

மனைவி கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரிடமும் ஒரு காலத்தில் இதே கார் இருந்திருக்கிறது. எல்லோரும் அதை விற்றிருக்கிறார்கள். ஏன் விற்றோம் என்று விளக்கமாகவும் சொன்னார்கள். "எங்க பெரியப்பா இந்த மாடல்தான் வச்சிருந்தார். ரொம்ப நல்ல வண்டி சார். பாவம், அதுலயே மனசு உடைஞ்சு போனார்" என்றார் ஒருவர். எஞ்சினை அணைக்க வேண்டியிருந்ததே என்று கடைக்காரர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது நானா நிறுத்தினது" என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். "பெட்ரோல் போடுறப்ப நிறுத்தணும்னு போர்டே இருக்கு பாரு." நல்லவேளையாக, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது.

அப்போதுதான் மச்சினனின் போன் வந்தது.

"மாமா, நின்னுச்சா?"

"இல்லப்பா."

"நிக்கும். என் ஃப்ரெண்டுகிட்ட வண்டி இழுக்கிற வண்டி இருக்கு. அவனைச் சாப்பிடக்கூடப் போகாதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அவனைச் சாப்பிடச் சொல்லு. நல்லா சாப்பிடச் சொல்லு" என்று கட் பண்ணினார்.

ரயில்வே கேட்டில் வினை வந்தது. கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்ற வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, இவர்களுடைய நீலக் கார் ஒரு குலுக்கு குலுக்கி, இரண்டு தடவை விக்கி, அடங்கிவிட்டது. கடைக்காரர் கை, யோசிப்பதற்கு முன்னாலேயே, சாவியைப் பிடித்து ஆஃப் பக்கம் திருப்பியது.

"என்னாச்சு?"

"நான்தான் நிறுத்தினேன். பெட்ரோல் வீணாகுது பாரு."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற நோயாளிகளை நிறையப் பார்த்தவள் அவள். மாத்திரையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, "முழுங்கிட்டேன் சிஸ்டர்" என்பவர்கள். அவர் ரயிலைப் பார்த்தார். ரயில் அப்போதைக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் பார்த்தார்.

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். சாவியைத் திருப்பினார், கார் இருமியது. மறுபடி திருப்பினார், இருமியது. 'ஒரே ஒரு தடவை, என் செல்லம், மானத்தை வாங்காதே' என்று உள்ளுக்குள் கெஞ்சியபடி மூன்றாவது தடவை திருப்ப, கிளம்பியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் கடைக்காரருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. முந்தின இரவு சந்தோஷத்தில் ஒரு பொட்டுத் தூங்கவில்லை. கார் மெதுவாகக் கோட்டைத் தாண்டியபோது மனைவி அதட்டினாள். "ஓரம் கட்டுங்க. நைட் டியூட்டி பாத்தவங்க கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பின்னாடி போய்ப் படுங்க, நான் ஓட்டுறேன்."

"உனக்கு இந்த கியர் புரியாது. இது ஸ்டீயரிங் பக்கத்துல..."

"உங்களுக்கு மட்டும் புரிஞ்சுதாக்கும். காலையிலேர்ந்து ஒவ்வொரு கியருக்கும் அது கத்துற கத்தல் எனக்குக் கேக்கலைன்னு நினைச்சீங்களா? பிரசவ வார்டு தோத்துது."

எஞ்சினை அணைக்காமலேயே இடம் மாறினார்கள். அவர் பின் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தார். இரண்டாவது கியரை மெதுவாகப் போட வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தூங்கிப்போனார்.

அவரை எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான்.

கார் சாலை ஓரத்தில், மரமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் பானெட் திறந்திருந்தது. பானெட்டுக்கும் காருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மனைவியின் கைகள் மட்டும் தெரிந்தன. எழுந்து உட்காரப் போனார். போச்சு, எல்லாம் போச்சு, ஒரே ஒரு தடவை என்றாளே. எழுந்தால் அதைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படியே படுத்துக் கிடந்தார். கண்ணாடிகள் இறங்கியிருந்ததால் அவள் பேசுவது கேட்டது. போனில் தம்பியோடுதான் பேசுகிறாள், இழுக்கிற வண்டியை வரச்சொல்கிறாள் என்று நினைத்தார்.

அவள் காரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல சூடு ஏறினா எப்படி? ம்? அந்த டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார், வெயில்ல ஆகாதுன்னு. கேக்க வேண்டியவர் கேட்டாத்தானே." தண்ணீர் பாட்டிலைத் திறக்கிற சத்தம். "காய்ச்சல் அடிச்சா என்ன பண்ணுவோம்? துணியை நனைச்சுப் போடுவோம். அவ்வளவுதான். அதுக்குப் போய் நடுரோட்டுல படுத்துக்கிறதா?"

இடுக்கு வழியாக ஒரு துணி தெரிந்தது. நீலத் துணி. வான நீலம்.

கடைக்காரர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மடிப்புக் கலையாத அந்தச் சட்டையில் தண்ணீரைக் கொட்டிப் பிழிந்து, எண்ணெய் வழிகிற எதன் மேலோ பற்றுப் போடுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாவி, பின்னால் துண்டு இருக்கிறதே, கார் துடைக்கிற துணி இருக்கிறதே! அவையெல்லாம் அவர் தலைக்குக் கீழே இருந்தன என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"நல்லாக் கேட்டுக்கோ" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுஷன் கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. இத்தனை வருஷத்துல தனக்குன்னு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டார்னா அது நீதான். எனக்கு உன்னைச் சுத்தமாப் பிடிக்கலை, வெளிப்படையாவே சொல்லிடறேன். ஹார்னைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. ஆனா அவர் முழிக்கிறதுக்குள்ள நீ கிளம்பலை, நானே உன்னைத் தள்ளி ஏதாவது பள்ளத்துல விட்டுடுவேன். புரியுதா?"

காரை ஒரு தட்டுத் தட்டினாள். புரிந்திருக்கும்.

துணியை இன்னும் இரண்டு தடவை நனைத்துச் சுற்றினாள். அவருக்கு மூக்கில் அரித்தது. சொறியவில்லை. பானெட் மெதுவாக, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவது மாதிரி, மூடியது. அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். முன்னாலிருக்கிற கண்ணாடியில் பின் சீட்டைப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்ததும், கடைக்காரர் வாயைப் பிளந்து ஒரு குறட்டை விட்டார். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அடுத்ததைக் குறைத்துக்கொண்டார்.

"எங்கே, எழுந்திரு பார்ப்போம்" என்று அவள் சாவியைத் திருப்பினாள். வார்டில் நோயாளிகளை முதல்முறை நடக்க வைக்கும்போது சொல்கிற அதே வார்த்தை.

கார் எழுந்தது.

அவர் 'முழித்துக்கொண்டபோது' ஊர் நெருங்கியிருந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்: "நல்லா ஓடுச்சா?"

"ம்."

"என் சட்டை எங்கே?"

"கீழ விழுந்துடுச்சு. ஏதோ கறை பட்டிருக்கு" என்று பார்வையைத் திருப்பாமல் பின்னால் நீட்டினாள். ஈரச் சட்டையில் கை அகலத்துக்குக் கறுப்பு. பெட்ரோல் நாற்றம் வேறு. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை மாட்டிக்கொண்டார். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர்கள் தெருவுக்குள் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். கப்பல் வந்துவிட்டது என்று தெருவே வெளியே வந்து பார்த்தது. வீட்டு வாசலில் மச்சினன் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஏமாற்றம்.

கேட்டுக்குள் நுழையவும் இடதுதான். மறுபடி ஹார்ன். முன்சக்கரங்கள் உள்ளே, பின்சக்கரங்கள் வெளியே என்கிற நேரத்தில் கார் ஒரு குலுக்கு குலுக்கி, இரண்டு தடவை விக்கி, நின்றது. ஹார்ன் மட்டும் நிற்கவில்லை.

"அக்கா! நின்னுடுச்சு!" மச்சினன் துள்ளி வந்தான். "நானே பாத்தேன்! வீட்டுக்குள்ள இன்னும் வரலை, பாதி ரோட்டுலதான் இருக்கு! மாமா, பேச்சு மாறக் கூடாது!"

"என்னது, கேக்கலை!" என்று கத்தினார் மாமா. ஹார்னில் நிஜமாகவே கேட்கவில்லை.

"வித்துடணும்னு பேச்சு! வழியில எத்தனை தடவை நின்னுச்சு? சட்டை ஏன் இப்படி இருக்கு?"

"நான் தூங்கிட்டேன்பா" என்றார் கடைக்காரர். பிறகு சட்டையைப் பார்த்துக்கொண்டு, "சாப்பிடும்போது சிந்திட்டேன்" என்றார்.

மனைவி ஓட்டுகிற இடத்திலிருந்து தலையை நீட்டினாள். வியர்வையும் புழுதியுமாக, பொறுமையெல்லாம் தீர்ந்த முகம். கன்னத்தில் ஒரு கோடு எஞ்சின் மை.

"எங்கடா நின்னுச்சு? நான்தான் நிறுத்தினேன்" என்றாள். "பெட்ரோல் வீணாகுது பாரு."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ரயில் வரப்போகிற மாதிரி.

"ரெண்டு பேரும் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, பின்னாடி போய்த் தள்ளுங்க" என்று அடுத்த வினாடியே வெடித்தாள். "என்னங்க, அந்தக் கைப்பிடியைக் கொடுத்துட்டுப் போங்க முதல்ல! பக்கத்து வீட்டம்மா வந்து கேக்கறதுக்குள்ள நான் கண்ணாடியை ஏத்தணும்!"

அவர் பின் கதவிலிருந்த கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பின்னால் போய், ஈரச் சட்டையோடு மச்சினன் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். தெரு முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு பார்க்க, கார் அலறிக்கொண்டே அங்குலம் அங்குலமாக வீட்டுக்குள் போனது.